கிழக்கு வீதியில் ஒரு மணி நேரம்: டெல்டா கோயில் திருவிழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கோயில் திருவிழா நடத்தும் அறங்காவலர்களுக்கும் உபயதாரர்களுக்கும் விழாக் குழுத் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தவில்காரர் வீட்டுப் பெண். தாத்தா தவில், அப்பா தவில், இப்போது தம்பி மகனும் தவில். எனக்கு வாசிக்கத் தெரியாது. அந்தக் காலத்தில் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கூடத்தில் நடக்கும் பாடத்தை அடுப்படியிலிருந்தே கேட்டுக் கேட்டு, யார் எந்த இடத்தில் தாளம் விட்டார்கள் என்று மட்டும் சொல்லத் தெரியும். இந்தக் கடிதம் எழுத அது போதும் என்று நினைக்கிறேன்.

ஆனி மாதம் எங்கள் ஊர்த் திருவிழா. ஏழாம் நாள் புறப்பாட்டுக்கு எங்கள் வாத்தியாரிடம் படிக்கிற பிள்ளைகளின் குழு. பதினொரு பேர்: நாயனம் (நாதஸ்வரம்) ஐந்து, தவில் நாலு, தாளம் ஒன்று, சுருதிப்பெட்டி ஒன்று. சின்னவனுக்குப் பன்னிரண்டு வயது, பெரியவனுக்குப் பத்தொன்பது. நோட்டீஸில் ஆர்கெஸ்ட்ராவுக்குப் படம் போட்டிருந்தது, பட்டிமன்ற நடுவருக்குப் படம் போட்டிருந்தது, செண்டை மேளம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்றுகூட இருந்தது. கீழே ஓரத்தில் ‘மங்கள வாத்தியம்’ என்று ஒரு சொல். அதுதான் எங்கள் பிள்ளைகள்.

சரி, நோட்டீஸ் கிடக்கட்டும். சுவாமி மண்டபத்தை விட்டு இறங்கும்போது, புறப்பாட்டுக்கென்றே உள்ள மல்லாரி எடுத்தார்கள். கம்பீரநாட்டை ராகம் பாதி ஏறி நிற்கிறது. ஜெனரேட்டரைப் போட்டார்கள். செண்டைக்காரர்கள் முப்பது பேர் முனையில் தயாராக நின்றார்கள். விழாக் குழுவிலிருந்து ஒரு தம்பி வந்து வாத்தியாரின் தோளைத் தொட்டு, “சார், போதும், டைம் ஆவுது” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், குறை சொல்ல முடியாது. நான் மணி பார்த்தேன். ஆரம்பித்து ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

பிள்ளைகள் நாயனத்தை உறையில் போட்டார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை. பன்னிரண்டு வயதுக்காரன் மட்டும் என்னிடம் வந்து, “அத்தே, அந்தத் தாத்தா இங்க இருந்தா திட்டியிருப்பாரு இல்ல?” என்றான்.

அந்தத் தாத்தா யாழ்ப்பாணத்துக்காரர். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கோடை விடுமுறையில் பன்னிரண்டு நாள் இந்தப் பிள்ளைகளை இலங்கைக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தோம். ஏழு கச்சேரி. வாத்தியார், ஒரு பையனின் அப்பா, நான் என்று மூன்று பெரியவர்கள். யாழ்ப்பாணத்து இணுவில் பக்கத்துக் கோயில்காரர்கள் தங்க இடமும் சாப்பாடும் வேனும் தருவதாகச் சொன்னார்கள். போகிற செலவு எங்களுடையது. உள்ளூர் உபயதாரர் ஒருவர் பாதி டிக்கெட் போட்டார். நோட்டீஸில் பெயர் வராத காரியத்துக்கும் பணம் கொடுக்கிற மனிதர் என்பதால் அவர் பெயரை நானும் எழுதவில்லை.

எங்கள் குடும்பத்துக்கு அந்தக் கடல் புதிதில்லை. என் தாத்தா தனுஷ்கோடிக்கு ரயிலில் போய், தலைமன்னார் கப்பல் ஏறி யாழ்ப்பாணத் திருவிழாக்களுக்கு வாசிக்கப் போவார். அப்போதெல்லாம் இங்கிருந்து மேளக்காரர்கள் அங்கே போவதும், அங்கிருந்து பிள்ளைகள் இங்கே வந்து குருகுலமாகத் தங்கிப் படிப்பதும் சகஜம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அதற்கப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடி, 80களில் அதுவும் நின்றது. இப்போது நம் நாகப்பட்டினத்திலிருந்தே காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறது. 2023 அக்டோபர் 14ஆம் தேதி தொடங்கி, சில நாளிலேயே மழைக்காலம் என்று நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. கடலில் நாலு மணி நேரம்தான். திருவாரூரிலிருந்து சென்னைக்குப் போக அதைவிட அதிக நேரம் ஆகிறது.

ஆனால் கப்பலில் ஏறுவதற்கு முன்பு நான் பட்ட பாடு இருக்கிறதே! தபால் ஆபீஸில் அத்தனை வருடம் படிவம் நிரப்பிய கைக்கே வலி எடுத்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பாஸ்போர்ட்டுக்கு அப்பா அம்மா இரண்டு பேரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். ஒரு பையனின் அப்பா வளைகுடாவில். அவர் கையெழுத்து வர ஒரு மாதம் ஆனது. விசா விஷயத்தில் முதலில் வந்த ஏஜென்ட் ஒருவர், “எல்லாரும் டூரிஸ்ட்னு போட்டுக்கலாம், யார் கேக்கப் போறா” என்றார். நல்லவேளை, நான் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். இலங்கையின் மின்னணுப் பயண அனுமதியில் சுற்றுலாவுக்கு ஒரு வகை, தொழில் நிமித்தம் போகிறவர்களுக்கு ஒரு வகை. கலை, இசை, நடன நிகழ்ச்சிகளில் கலந்துகொள்வது இரண்டாவது வகையில் வருகிறது. சுற்றுலா என்று எழுதிவிட்டுத் தவிலைத் தூக்கிக்கொண்டு குடியேற்ற அதிகாரி முன்னால் நின்றால் பிள்ளைகளுக்குத்தான் தலைக்குனிவு. அடுத்து யாராவது பிள்ளைகளைக் கூட்டிப் போவதாக இருந்தால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், புறப்படும்போது விதி எப்படி இருக்கிறது என்றும் ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்று, தந்தக் குச்சி. பழைய நாயனங்களில் சீவாளியோடு (வாயில் வைத்து ஊதுகிற துண்டு) சேர்த்து ஒரு குச்சி தொங்கும், சீவாளியின் வாயைச் சரி செய்ய. சிலர் வீட்டில் பரம்பரையாக யானைத் தந்தத்தில் இருக்கும். அதை எல்லை தாண்டிக் கொண்டுபோனால் வம்பு. ஒரு பையனிடம் அவன் கொள்ளுத் தாத்தாவின் குச்சி இருந்தது. வீட்டில் வைத்துவிட்டு வேறு குச்சி கட்டிக்கொண்டு வரச் சொன்னோம். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐந்து நாயனம் சேர்ந்து ஊதுவது லேசான காரியம் இல்லை என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாயனத்தில் விரல் வைக்கிற துளை ஏழு. அதற்குக் கீழே இன்னும் ஐந்து துளை இருக்கும், அவற்றை மெழுகு வைத்து அடைத்தும் திறந்தும் நாதத்தைச் சரி பண்ணுவார்கள். மற்றதெல்லாம் உதடும் மூச்சும்தான். அரை இம்மி உதடு தளர்ந்தால் சுருதி இறங்கும். அதனால்தான் வழக்கமாக இரண்டு பேர் ஜோடியாக வாசிக்கிறார்கள். எங்கள் வாத்தியார் ஐந்து பேரையும் நரசிங்கம்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரே பட்டறையில், ஒரே அளவில் ஆச்சா மரத்தில் கடைந்த நாயனம் வாங்கிக்கொடுத்தார். 2022இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே நாயனம்தான். சீவாளி திருவாவடுதுறையில். ஆளுக்குப் பத்து சீவாளி வாங்கி, ஊதிப் பார்த்து, அதில் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற மூன்றைப் பொறுக்கி எடுக்கவே இரண்டு நாள். இவ்வளவும் செய்துதான் ஐந்து பேரும் ஒரு ஷட்ஜத்தில் நிற்கிறார்கள். அந்த ஷட்ஜத்தின் மேல்தான் நம் ஊரில் ஜெனரேட்டர் ஓடுகிறது.

கடல் பயணத்தில் சொல்வதற்கு அதிகம் இல்லை. மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள், அதில் நானும் ஒருத்தி. தவில்களை உள்ளே போடச் சொன்னார்கள். தம்பி மகன் நாலு மணி நேரமும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். காங்கேசன்துறையில் இறங்கி, தவிலின் வலது பக்கமான வலந்தலையைத் தட்டினால், உப்புக் காற்றில் தோல் தொய்ந்து ‘தொப் தொப்’ என்றது. இப்போது போல்ட் வைத்த தவில், திருகி இழுத்துவிட்டார்கள். தாத்தா காலத்து வார் தவிலாக இருந்தால் அரை நாள் போயிருக்கும்.

முதல் கச்சேரி இணுவில் பக்கத்தில் ஒரு பிள்ளையார் கோயில். இணுவிலும் அளவெட்டியும் நம் திருவாவடுதுறை, திருவீழிமிழலை, நீடாமங்கலம் மாதிரி. வீட்டுக்கு வீடு நாயனம், தவில். தட்சிணாமூர்த்தி என்றால் இங்கே சாமி பெயர், அங்கே முதலில் தவில்காரர் பெயர். 1975இல் மறைந்தவரைப் பற்றி நேற்று வாசித்துவிட்டுப் போனவர் மாதிரி பேசுகிறார்கள். அந்த மண்ணில் போய்ப் பன்னிரண்டு வயதுப் பையன் விரல்களில் தவில் கூடு மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பூங்காவனத் திருவிழா. நம் பக்கம் அந்தப் பெயரில் இல்லை. தேர், தீர்த்தம் முடிந்த மறுநாள் இரவு அங்கே நடப்பது. வெளிவீதியில் மணல் பரப்பி இருந்தார்கள். மேடை முழங்கால் உயரம்தான். எட்டரைக்கு ஆரம்பம் என்றால் எட்டு மணிக்கே சனம் வந்து பாய் போட்டு உட்கார்ந்துவிட்டது. ஆண்கள் மேல்சட்டை இல்லாமல் துண்டோடு. கிழவிகள் முன்வரிசையில். எல்லாரும் கேட்க வந்தவர்கள். இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆயிரம் கல்யாணத்தில் நான் மேளம் பார்த்திருக்கிறேன், மேளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசாத கூட்டத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மல்லாரி முழுதாக வாசித்தார்கள். அப்புறம் ஒரு வர்ணம், இரண்டு கீர்த்தனை. எங்கள் குழுவில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் வீட்டில் யாரும் மேளக்காரர் இல்லை, அப்பா கட்டட வேலை. கோயிலில் கேட்டுப் பிடித்துப்போய் வந்து சேர்ந்தவள். தோடியை அவளிடம் விட்டார் வாத்தியார். அவள் கீழே சஞ்சாரம் பண்ணி மெல்ல மேலே போய் தைவதத்தில் நின்றபோது, முன்வரிசையிலிருந்து ஒரு “ஆ!” வந்தது. பாராட்டுக்குப் போடுகிற சத்தம் இல்லை அது. வலிக்கிற இடத்தைத் தொட்டால் வருமே, அது. தோடி என்றால் அந்தச் சனத்துக்கும் நாயன மேதை ராஜரத்தினம் பிள்ளைதான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு காது கொடுக்கிறவர்கள் முன்னால் பதினைந்து வயதுப் பெண் தோடி வாசித்து, கடைசி வரை யாரும் எழுந்து போகவில்லை.

தவில் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துக்கு உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேர் தவிலோடு மேடை ஏறினார்கள். முன்பின் பார்த்ததில்லை, ஒத்திகை இல்லை. ஆறு தவில். முக்கால் மணி நேரம். தம்பி மகன் ஒரு கோர்வை வைத்தால் அந்தப் பக்கத்துப் பையன் அதை மாற்றித் திருப்பித் தருகிறான். இவன் சிரிக்கிறான், அவன் சிரிக்கிறான். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் கையில் தாளம். கிழவிகள் கையிலும்.

அப்போதுதான் அந்தத் தாத்தா எழுந்தார். எண்பது வயது இருக்கும். மேடை அருகில் வந்து வாத்தியாரிடம், “தம்பி, ரக்தி ஒண்டு வாசிப்பியளோ? உங்கட பக்கத்துச் சாமான்தானே. நான் சின்னப் பெடியனா இருக்கேக்கை கேட்டது” என்றார்.

வாத்தியார் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

ரக்தி என்றால் என்ன என்று கேட்பவர்கள் உங்களிலும் இருப்பீர்கள், தப்பில்லை. நாயனத்துக்கென்றே உண்டான சங்கதி அது. சாகித்தியம் கிடையாது. ஒரு சொற்கட்டை வைத்துக்கொண்டு, ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கி, காலம் மாற்றி மாற்றி, நாயனமும் தவிலும் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோவது. வாய்ப்பாட்டுக்காரரோ வீணைக்காரரோ வாசிக்கிற சரக்கு இல்லை. சுவாமி வீதி சுற்றி வரும் இரவுகளில், அடுத்த வேலை என்று ஒன்றும் இல்லாத நேரத்தில் வளர்ந்தது. செம்பனார்கோயில் குடும்பம் அதற்குப் பேர்போனது. செம்பனார்கோயில் எங்கே இருக்கிறது? மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவில். எங்கள் வாத்தியார் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்.

வாத்தியார் அரசு இசைப் பள்ளியில் மூன்று வருடம் முறையாகப் படித்தவர், நல்ல ஞானஸ்தர். மைக்கைத் தள்ளிவைத்துவிட்டு, “ஐயா, மன்னிக்கணும். எனக்கே முழுசாகத் தெரியாது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை” என்றார்.

தாத்தா கோபப்படவில்லை. “அதுக்கென்ன, அடுத்தமுறை வரேக்கை படிச்சுக்கொண்டு வாங்கோ. நான் இருந்தால் கேப்பன்” என்று போய் உட்கார்ந்துவிட்டார். கச்சேரி முடியும்போது பன்னிரண்டே கால். மங்களம் வரை இருந்தார்.

அன்று இரவு தங்கிய வீட்டில் யாரும் சீக்கிரம் தூங்கவில்லை. வீட்டுக்காரம்மா புட்டும் சம்பலும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மகன்மார் கனடாவில். “இந்த வீட்டில பிள்ளையளின்ர சத்தம் கேட்டுக் கனகாலம்” என்று ஒவ்வொருத்தன் தட்டிலும் இன்னொரு குழல் புட்டு தள்ளினார். ‘பிள்ளையள்’ என்ற சொல்லை எங்கள் பசங்கள் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு நாளும் ஒருத்தரை ஒருத்தர் அப்படியே கூப்பிட்டார்கள். வாத்தியார் மட்டும் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். (நானும் தேத்தண்ணி என்றே சொல்லத் தொடங்கிவிட்டேன்.) “அக்கா, இருபது வருஷமா சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு கோயில்லகூட ரக்தி வாசின்னு யாரும் கேட்டதில்ல. கேட்டிருந்தா நான் தேடிப் போய்ப் படிச்சிருப்பேன்” என்றார்.

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. ஆனால் அது அவரைக் கேட்க வேண்டிய கேள்வி இல்லை என்று அன்றைக்கே தோன்றியது.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் இன்னும் இரண்டு கச்சேரி. பிறகு வேனில் ஆனையிறவு வழியாகத் தெற்கே இறங்கினோம். இரண்டு பக்கமும் தண்ணீரும் உப்பும் வெளிச்சமும். பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கிளிநொச்சியில் ஒரு பள்ளியில் வாசித்தோம், வவுனியாவில் ஒன்று. மன்னாரில் திருக்கேதீஸ்வரம், பாலாவிக் கரை. கிழக்கே திருகோணமலை. இந்த இரண்டு தலமும் தேவாரம் பெற்றவை. நம் சீர்காழிப் பிள்ளை சம்பந்தர் கடலைத் தாண்டாமலே ராமேஸ்வரத்தில் நின்று இரண்டையும் பாடியதாகப் பெரிய புராணம் சொல்கிறது. கூடவே யாழ் வாசித்துக்கொண்டு திருநீலகண்ட யாழ்ப்பாணர். யோசித்துப் பார்த்தால் ஊர் ஊராகப் போய்ப் பாடிய நம் மண்ணின் முதல் சின்னப் பிள்ளை அவர்தான். கோணேசர் மலையில் கடல் காற்றுக்கு எதிரே நாயனம் பிடிக்க முடியாமல், முதுகைக் காற்றுக்குக் கொடுத்துத் திரும்பி நின்று ஊதினார்கள். காற்று பாதியைக் கொண்டுபோனது. பரவாயில்லை.

போகிற இடமெல்லாம் கூட்டம் இணுவில் மாதிரி இருந்தது என்று சொன்னால் பொய். ஒரு ஊரில் முப்பது பேர்தான். இன்னொரு இடத்தில் பேச்சாளர்கள் பேசிப் பேசி எங்களுக்கு அரை மணி நேரம்தான் மிச்சம். அங்கேயும் கல்யாண மண்டபத்தில் சினிமா பாட்டு கேட்கிறார்கள், அங்கேயும் அப்பா தொழிலைப் பிள்ளை விட்டுவிட்டு வெளிநாடு போகிறான். சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் திருவிழா இரவில் மேளத்துக்கு என்று நேரம் ஒதுக்கிவைக்கிறார்கள். அந்த நேரத்தில் வேறெதுவும் நடப்பதில்லை. எங்களுக்குத் தேவையும் அது ஒன்றுதான்.

இப்போது உங்களிடம் வருகிறேன். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் ஊர்க் குழுக் கூட்டத்திலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன்.

“ஜனங்க செண்டைதான் கேக்கறாங்கம்மா.” செண்டை நல்ல வாத்தியம். கேரளத்தில் அதன் கோயிலில், அதன் முறைப்படி மணிக்கணக்காக வாசிப்பதைக் கேட்டால் நமக்கே மயிர்க்கூச்செறியும். அங்கே அதை ஊர்வலச் சத்தமாக யாரும் வைத்துக்கொள்ளவில்லை, உட்கார்ந்தும் நின்றும் விரலில் எண்ணிக் கேட்கிறார்கள். நாம் அதைக் கூப்பிட்டு வந்து பட்டாசுக்குப் பதிலாக வைத்திருக்கிறோம். அந்தக் கலைஞர்களுக்கும் இது பெருமை இல்லை. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எட்டு மணிக்குச் செண்டை, ஒன்பதரைக்கு மேளம் என்று பிரித்துவைக்க என்ன தடை?

“பணம் இல்லை.” ராஜராஜன் பெரிய கோயில் சுவரில் வெட்டிவைத்த கணக்கைப் போய்ப் பாருங்கள். கோயிலில் ஆடிப் பாடிய தளிச்சேரிப் பெண்கள் 400 பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் ஒரு வேலி நிலத்தின் விளைச்சல், நூறு கலம் நெல். அதே பட்டியலில் வீணை, உடுக்கை, வங்கியம், கொட்டிமத்தளம் வாசித்தவர்களுக்கும் பங்கு உண்டு. ஆயிரம் வருடம் முன்னால் கோயில் செலவில் இது முதல் பக்கத்தில் இருந்தது. இப்போது லைட்டிங், ஸ்பீக்கர், ஆர்கெஸ்ட்ரா எல்லாம் போக மிச்சத்தில் மேளம். நூறு கலம் நெல் வேண்டாம். செண்டைக்குக் கொடுப்பதில் கால் பங்கு கொடுங்கள், அதுவும் அன்றைக்கே கையில் கொடுங்கள். “அடுத்த வாரம் வந்து வாங்கிக்கங்க” என்று பிள்ளைகளை அலையவிடாதீர்கள்.

“சாயரட்சைக்கு மெஷின் இருக்கே.” இருக்கிறது. ஸ்விட்சைப் போட்டால் மணியும் முரசும் தானாக அடிக்கிற அந்தப் பெட்டி. சம்பளம் கேட்காது, லீவு போடாது. எங்கள் ஊர்க் கோயிலில் அதை நிறுத்த மறந்துபோய், நடை சாத்திய பிறகும் அது இருட்டில் அடித்துக்கொண்டே இருந்தது ஒரு நாள். பூட்டிய கதவுக்கு வெளியே நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தோன்றவில்லை.

இன்னொன்றும் ஒருவர் கேட்டார், மெதுவாகத்தான் கேட்டார்: “அந்தப் பொண்ணு எந்த வீட்டுப் பொண்ணு?” கட்டட வேலை செய்பவர் மகள் என்றேன். மேளக்காரர் வீட்டில் பிறந்த நானே ஒரு ஸ்வரம் வாசிக்கவில்லை, அவள் தோடி வாசிக்கிறாள். அதற்குமேல் எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

உங்களை மட்டும் சொல்லிவிட்டு நான் நல்லவளாக நிற்க முடியாது. என் மகள் கல்யாணத்தில் ஊஞ்சலுக்குச் சினிமா பாட்டு வாசிக்கச் சொன்னது நான்தான். வாசித்தவர் அப்பாவின் சிஷ்யர். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார், வாசித்தார். சாப்பாட்டுப் பந்தியில் அவர்களைக் கடைசியில் உட்காரவைத்ததும் எங்கள் வீட்டார்தான். என் தாத்தா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கப்பலில் திரும்பி வரும்போதுதான் நினைத்துப் பார்த்தேன். குமட்டல் காரணமாக வேறெதையும் நினைக்க முடியாமல் இருந்ததும் ஒரு காரணம்.

திரும்பி வந்த மறுவாரமே வாத்தியார் தேடத் தொடங்கிவிட்டார். செம்பனார்கோயில் வழியில் பாடம் கேட்ட பெரியவர் ஒருவரைக் கண்டுபிடித்தார். வயதாகிவிட்டது, ஊத மூச்சில்லை. வாயால் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் வாத்தியாரும் ஐந்து பிள்ளைகளும் நாலு தவிலும் பஸ் ஏறிப் போகிறார்கள். கண்டக்டர் தவிலுக்கும் டிக்கெட் கேட்கிறார், அது தனிச் சண்டை. பெரியவர் சொற்கட்டைச் சொல்ல, பிள்ளைகள் முதலில் கையால் தொடையில் தட்டி வாங்கிக்கொள்கிறார்கள். பிறகுதான் வாத்தியத்தைத் தொடலாம். முதல் நாள் இரண்டு மணி நேரம் நாயனத்தை உறையிலிருந்து எடுக்கவே விடவில்லை. ஒரு ரக்தியை முழுதாக எடுத்து நிறுத்த இன்னும் மூன்று மாதம் ஆகும் என்கிறார் வாத்தியார். கார்த்திகைக்குள் வந்துவிடும்.

ஆக, நான் கேட்பது இதுதான். கார்த்திகை சோமவாரத்திலிருந்து வைகாசி விசாகம் வரை உங்கள் கோயிலில் எத்தனையோ உற்சவம் வருகிறது. அதில் ஒரே ஒரு இரவு, சுவாமி கிழக்கு வீதிக்கு வந்ததும் ஒரு மணி நேரம் அங்கேயே நிறுத்துங்கள். அந்த ஒரு மணி நேரம் ஸ்பீக்கர், ஜெனரேட்டர், வெடி எதுவும் வேண்டாம். வெளிச்சத்துக்குத் தீவட்டி போதும். நோட்டீஸில் பிள்ளைகளின் பெயரைப் போடுங்கள், பதினொன்றும் வேண்டும், தாளம் போடுகிறவன் பெயரும் சேர்த்து. அப்புறம் உங்கள் குழுவில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், முன்னால் வந்து “ரக்தி ஒன்று வாசிங்க” என்று கேளுங்கள். என்னவென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

எங்கள் பிள்ளைகள்தான் வர வேண்டும் என்றும் இல்லை. உங்கள் ஊர்ப் பக்கத்து இசைப் பள்ளியில் நாதஸ்வரம், தவில் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள். அவர்களுக்குத் தெரியவில்லை என்றால் போய்ப் படித்துக்கொண்டு வருவார்கள்.

அடுத்த கோடையில் இணுவிலுக்கு மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தத் தாத்தா நன்றாக இருக்கிறார் என்று போன வாரம் போனில் சொன்னார்கள். அவர் முன்னால் வாசிப்பதற்கு முன்பு நம் மண்ணில் ஒரு தடவையாவது அதை வாசித்துப் பார்த்துவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. தேதி மட்டும் சொல்லுங்கள். வண்டிச் செலவு எங்களுடையது. பாயும் நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
பிள்ளைகளோடு கடல் தாண்டிப் போய் வந்த அத்தை